விடை வரும்வரை திரெட் என்ன செய்யும்?

ஒரு வலைப் பயன்பாடு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு ஒரு வினவலை அனுப்புகிறது. விடை 20 மில்லிவிநாடியில் வந்து சேர்கிறது. 3 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் பிராசசருக்கு இந்த இடைவெளி 6 கோடி சுழற்சிகள். அவ்வளவு நேரமும் பிராசசர் சும்மா நிற்கிறது, அதனால்தான் அசிங்க் (விடைக்காக நிற்காமல் வேறு வேலைக்குப் போகும் முறை) வேண்டும் என்று பல அறிமுகக் கட்டுரைகள் தொடங்குகின்றன. தொடக்கமே பிழை. சாக்கெட்டில் விடைக்காக ஒரு திரெட் முடங்கினால், இயங்குதளம் அதை ஓரமாக வைத்துவிட்டு வேறொரு திரெட்டை ஓடவிடும். வீணாவது பிராசசர் நேரம் இல்லை, திரெட்தான். லினக்சில் வழக்கமாக அதற்கென்று ஒதுக்கப்படும் 8 எம்பி ஸ்டாக் முகவரிவெளி (உண்மையில் பயன்படுவது அதில் சிறு பகுதியே), இயங்குதளத்தின் அட்டவணையில் அது பிடித்திருக்கும் இடம், மாற்றி மாற்றி ஓடவிடும் செலவு ஆகியவையே நாம் கொடுக்கும் விலை. சில நூறு திரெட்டுகள் வரை இந்த விலை பொருட்டே இல்லை. பல்லாயிரத்தை எட்டும்போதுதான் உறைக்கிறது. ஒரே சர்வர் 10,000 இணைப்புகளை எப்படித் தாங்கும் என்று டான் கேகல் 1999இல் எழுப்பிய கேள்வி இந்த இடத்தைப் பற்றியதுதான்.

தரவுத்தளத்தின் பக்கம் கணக்கு வேறு. போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனி பிராசஸை ஒதுக்குகிறது. நாம் எதையும் மாற்றாவிட்டால் இணைப்புகளின் உச்சவரம்பு 100. வரிசைக் கோட்பாட்டில் லிட்டில் விதி என்று ஒன்று உண்டு. வேலைகள் வந்துசேரும் வேகத்தை ஒவ்வொன்றும் எடுக்கும் நேரத்தால் பெருக்கினால், எந்த நேரத்திலும் உள்ளே இருக்கும் வேலைகளின் எண்ணிக்கை கிடைக்கும். 100 இணைப்புகள், வினவலுக்கு 20 மில்லிவிநாடி என்றால் விநாடிக்கு 5,000 வினவல்களே உச்சம். பயன்பாட்டின் நிரலில் எத்தனை அவெய்ட் எழுதினாலும் இந்த எண் நகராது. இணைப்புகளைத் திறந்தே வைத்திருந்து மறுபடி மறுபடி பயன்படுத்தத் தரும் ஜாவாவின் ஹிக்காரி பூல் தன் ஆவணத்தில் எடுத்துக்காட்டும் கணக்கு இன்னும் கறாரானது. கோர்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, சுழலும் வட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளச் சொல்கிறது அது. 4 கோரும் 1 வட்டும் உள்ள இயந்திரத்துக்கு 9 இணைப்புகள். போஸ்ட்கிரெஸ் குழுவினரிடமிருந்து பெற்ற கணக்கு என்றும் அந்த ஆவணமே சொல்கிறது.

பின் எதற்காகக் கடந்த பதினைந்து ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லாத் தரவுத்தள நிரலகங்களிடமும் அசிங்க் ஆதரவு கேட்கப்பட்டது? பயன்பாடு ஏற்கெனவே ஈவென்ட் லூப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதே வலுவான காரணம். 2009இல் வந்த நோட் ஜேஎஸ், 2014இல் பைத்தான் 3.4உடன் வந்த அசிங்க்ஐஓ போன்ற ஏற்பாடுகளில் ஒரே திரெட் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களைக் கவனிக்கிறது. அங்கே ஒரு வினவல் திரெட்டை முடக்கினால் ஒருவர் காத்திருப்பதில்லை, எல்லோரும் காத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தைக் காட்ட ஒன்றையொன்று சாராத நான்கு வினவல்கள் வேண்டும், அவற்றை ஒரே நேரத்தில் அனுப்பினால் 80 மில்லிவிநாடி 20 ஆகும் என்பது இரண்டாவது காரணம். தரவுத்தளம் வேகமாகும் என்பது மூன்றாவதாகச் சொல்லப்படுவது, அது நடப்பதில்லை. 2025 செப்டம்பரில் வந்த போஸ்ட்கிரெஸ் 18இல் சேர்ந்த ஒத்திசைவற்ற வட்டு வாசிப்பையும் இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது சர்வருக்குள் நடக்கும் வேலை. நாம் பேசுவது வாடிக்கையாளர் பக்கத்து நிரலகத்தைப் பற்றி.

அடித்தளம் பழையது

நிரலகத்துக்கு அசிங்க் சேர்ப்பது கடினம் என்றால், நெட்வொர்க் மட்டத்தில் ஏதோ இல்லாததால்தான் என்று தோன்றலாம். அப்படி இல்லை. போஸ்ட்கிரெஸின் சி நிரலகமான லிப்பிக்யூவில் வினவலை அனுப்புவதற்கு ஒரு ஃபங்ஷனும் விடையை எடுப்பதற்கு இன்னொரு ஃபங்ஷனும் வெகுகாலமாகவே தனித்தனியாக உள்ளன. இடையில் சாக்கெட்டின் எண்ணைக் கேட்டு வாங்கி நம் சொந்த லூப்பில் சேர்த்துக்கொள்ளலாம். வந்த பைட்டுகளை உள்ளே இழுத்துவிட்டு, இன்னும் வேலை முடியவில்லையா என்று கேட்கலாம். மைக்ரோசாஃப்டின் ஓடிபிசியில் வினவல் ஃபங்ஷனை அசிங்க் நிலையில் அழைத்தால் 'இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது' என்ற குறியீடு திரும்பி வரும்; அது மாறும்வரை அதே ஃபங்ஷனை மீண்டும் மீண்டும் அழைக்க வேண்டும். பெர்லின் போஸ்ட்கிரெஸ் டிரைவரிலும், பிஎச்பி 5.3இன் மைஎஸ்கியூஎல்ஐ நீட்சியிலும் இதே வசதி உண்டு. மைஎஸ்கியூஎல்லின் அதிகாரபூர்வ சி நிரலகம்தான் பிந்தியது. முடங்காத ஃபங்ஷன்கள் அதற்கு 8.0.16இல்தான் கிடைத்தன, மரியாடிபி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கொடுத்துவிட்டது.

எஸ்கியூலைட் மட்டும் விதிவிலக்கு. அங்கே நெட்வொர்க்கே கிடையாது, தரவுத்தளம் நம் பிராசஸுக்குள்ளேயே ஒரு ஃபங்ஷன் அழைப்பு. காத்திருக்க ஒரு சாக்கெட் இல்லாதபோது, எந்த அசிங்க் உறையும் உள்ளே ஒரு திரெட்டைத்தான் ஒளித்து வைத்திருக்க முடியும். பைத்தானின் ஏஐஓ எஸ்கியூலைட் அதையே செய்கிறது. மைக்ரோசாஃப்டின் எஸ்கியூலைட் டிரைவர் இன்னும் வெளிப்படை: அசிங்க் என்று பெயர் கொண்ட தன் மெத்தடுகள் சிங்க்காகவே ஓடும் என்று ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறது.

ஆக, அடியில் வசதி இருந்தது. சிக்கல் அதற்கு மேலே கட்டப்பட்ட மாடிகளில். பைத்தான் டிரைவர்களுக்கெல்லாம் பொது ஒப்பந்தமான பெப் 249, ஜாவாவில் 1997இல் வந்த ஜேடிபிசி, இவற்றின் மேல் எழுந்து அட்டவணை வரிசைகளை நிரலின் பொருள்களாக்கும் ஓஆர்எம்கள் எல்லாமே ஓர் எடுகோளின் மேல் நிற்கின்றன: ஃபங்ஷனை அழைத்தால், அது திரும்பும்போது விடை கையில் இருக்கும். அந்த எடுகோளைப் பிடுங்கினால் மேல்மாடி வரை ஆட்டம் காணும்.

பெயர் மாற்றமும் திரெட்டும்

மேல்மாடிகளை அசிங்க்காக்கும் பாதையில் டாட்நெட் உலகம் முன்னதாகவே நடந்தது. 2005இல் ஏடிஓ டாட்நெட் 2.0 வந்தபோதே வினவலைத் தொடங்க ஒன்று, முடிக்க ஒன்று என மெத்தடுகள் இருந்தன. இணைப்புச் சரத்தில் அசிங்க் வேண்டும் என்று தனியாக எழுதவும் வேண்டியிருந்தது. 2012இல் டாட்நெட் 4.5 அதை அவெய்ட் வடிவத்துக்கு மாற்றியது. அடுத்த ஆண்டு என்டிட்டி ஃபிரேம்வொர்க் 6 ஓஆர்எம் மட்டத்துக்கும் கொண்டுபோனது. அந்த மாற்றத்தில் எடுத்த ஒரு முடிவு இன்றுவரை தொந்தரவு தருகிறது. பழைய டிரைவர்கள் உடையக் கூடாது என்பதற்காக, அடிப்படை வகுப்பின் அசிங்க் மெத்தடு சிங்க் மெத்தடையே அழைத்து, முடிந்துபோன ஒரு டாஸ்க்கைத் திருப்பித் தரும்படி வைத்தார்கள். டிரைவர் எழுதியவர் அதை மாற்றி எழுதாவிட்டால் பெயர் அசிங்க், நடத்தை சிங்க். பல டிரைவர்கள் ஆண்டுக்கணக்கில் இப்படியே இருந்தன. அவற்றைப் பயன்படுத்தியவர்கள் நிரல் முழுக்க அவெய்ட் எழுதினார்கள், திரெட்டுகளோ முன்புபோலவே முடங்கின. இணக்கத்துக்காக எடுத்த முடிவு என்பது புரிகிறது. ஆனாலும் 'எனக்கு இது தெரியாது' என்று பிழை எறிவதே நேர்மையான வழி என்பது என் உறுதியான எண்ணம். சுமை ஏறும்வரை வெளிப்படாத குறையைக் கண்டுபிடிக்கும் செலவு மிகப் பெரியது.

பைத்தானின் ஜாங்கோவும் திரெட்டையே நம்பியது, ஆனால் வெளிப்படையாக. 2019 டிசம்பரில் 3.0 வந்தபோது அசிங்க் சர்வர்களுக்கான இடைமுகமான ஏஎஸ்ஜிஐக்கு ஆதரவு, 2020இல் 3.1இல் அசிங்க் வியூ, 2022இல் 4.1இல் ஓஆர்எம்முக்கு ஏ என்ற எழுத்தை முன்னொட்டாகக் கொண்ட அசிங்க் மெத்தடுகள் என்று படிப்படியாக வந்தது. ஆண்ட்ரூ காட்வின் எழுதிய திட்ட ஆவணமே இந்தப் படிகளை வகுத்தது. மேலே அசிங்க் முகம் இருந்தாலும் அடியில் வினவல் ஒரு திரெட்டில்தான் ஓடுகிறது. இதில் பலர் கவனிக்காத ஒரு விளைவு உண்டு. ஜாங்கோவில் தரவுத்தள இணைப்பு திரெட்டோடு கட்டப்பட்டது. அதைப் பாதுகாக்க, ஒரு கோரிக்கையின் சிங்க் வேலைகள் எல்லாம் ஒரே திரெட்டுக்கு அனுப்பப்படுகின்றன. எனவே நான்கு வினவல்களை ஒன்றாகத் திரட்டி அவெய்ட் செய்தாலும் அவை ஒன்றன்பின் ஒன்றாகவே ஓடும். ஈவென்ட் லூப் முடங்காது என்ற பயன் கிடைக்கிறது, 80 மில்லிவிநாடி 20 ஆகும் என்ற பயன் கிடைப்பதில்லை. பரிவர்த்தனைகள் அசிங்க் நிலையில் இன்னும் இயங்காது என்று 5.2 பதிப்பின் ஆவணம் வரை எழுதியிருக்கிறது. பரிவர்த்தனை தேவைப்படும் பகுதியை ஒரு சிங்க் ஃபங்ஷனாகத் திரட்டி, அதை ஒரே வீச்சில் திரெட்டுக்கு அனுப்பச் சொல்கிறார்கள்.

இவற்றோடு ஒப்பிட்டால் ரெயில்ஸ் 7.0 எடுத்த வழி அடக்கமானது. 2021 டிசம்பரில் வந்த அந்தப் பதிப்பு அவெய்ட் என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஒரு வினவலை முன்கூட்டியே பின்னணித் திரெட் ஒன்றுக்கு அனுப்பிவைக்க ஒரு மெத்தடு தந்தது, அவ்வளவே. விடை தேவைப்படும் நேரத்தில் பின்னணித் திரெட் அதை இன்னும் தொடங்கவில்லை என்றால் முன்னணித் திரெட்டே அதை வாங்கி ஓட்டிவிடும். யாரும் சும்மா நிற்பதில்லை. பரிவர்த்தனைக்குள் இருக்கும்போது பின்னணிக்கு அனுப்பாமல் சிங்க்காகவே ஓட்டும். பின்னணித் திரெட்டுக்குத் தனி இணைப்பு வேண்டும், அந்த இணைப்புக்கு நம் பரிவர்த்தனை தெரியாது என்பதால் அது சரியான முடிவு. நிர்வாகி அமைப்புகளில் இயக்கிவிடாதவரை பின்னணி ஓட்டமே கிடையாது. எதைத் தர முடியுமோ அதற்கு மட்டும் பெயர் வைத்த வடிவமைப்பு.

நடுமாடியைக் கலைக்காமல்

இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் இரண்டு தீர்வுகளும் பைத்தானிலிருந்து வந்தவை, இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சிந்தித்தவை.

எஸ்கியூஎல்ஆல்கெமி என்ற ஓஆர்எம்மை எழுதிய மைக் பேயர் 2015 பிப்ரவரியில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். வழக்கமான தரவுத்தள வேலைக்கு அசிங்க்ஐஓ பொருத்தமில்லை என்பது அதன் வாதம். பைத்தானில் தரவுத்தள வேலை என்பது வெறும் காத்திருப்பு அல்ல, வந்த வரிசைகளைப் பொருள்களாக்கும் உழைப்பும் சேர்ந்தது. அவர் நடத்திய சோதனையில் திரெட் வழியைவிட அசிங்க்ஐஓ வழி மெதுவாகவே இருந்தது. அதே மாதத்தில் பாப் நிஸ்ட்ரம், ஃபங்ஷன்கள் இரண்டு நிறங்களாகப் பிரிந்துவிட்டன என்ற கட்டுரையை எழுதினார். அசிங்க் ஃபங்ஷனை அசிங்க் ஃபங்ஷனே அழைக்க முடியும். அதனால் அடியில் ஒன்றை மாற்றினால் அதை அழைப்பவர், அவரை அழைப்பவர் என மேல்வரை எல்லாம் நிறம் மாறியாக வேண்டும். பத்தாண்டு உழைப்பில் உருவான ஓர் ஓஆர்எம்முக்கு இதன் பொருள், நிரலகம் முழுவதையும் இரண்டாம் முறை எழுதுவது.

பேயர் அதைச் செய்யவில்லை. 2021 மார்ச்சில் வந்த 1.4 பதிப்பில் அவர் கொடுத்த விடை வேறு. மேலே அசிங்க் முகப்பு, அடியில் அசிங்க் டிரைவர், நடுவில் பழைய சிங்க் நிரல் ஒரு வரியும் நிறம் மாறாமல். இரண்டையும் இணைப்பது கிரீன்லெட். சிங்க் நிரல் ஒரு கிரீன்லெட்டுக்குள் ஓடும். அடியில் டிரைவர் காத்திருக்க வேண்டிய இடம் வந்தால், அந்த அழைப்பு அடுக்கு முழுவதும் அப்படியே உறைந்து, கட்டுப்பாடு மேலே உள்ள அசிங்க் முகப்புக்குத் தாவும். முகப்பு அங்கே முறையாக அவெய்ட் செய்து, விடை வந்ததும் உறைந்த அடுக்கை எழுப்பும். வினவல் தொகுப்பி, பொருள்களின் அடையாளக் கணக்கு, எதை எந்த வரிசையில் எழுதுவது என்ற யூனிட் ஆஃப் ஒர்க் கணக்கு எல்லாம் தாங்கள் அசிங்க்கில் ஓடுகிறோம் என்பதே தெரியாமல் ஓடுகின்றன.

ஒரே இடத்தில்தான் உடைகிறது, அந்த உடைவு அறிவூட்டுவது. ஓஆர்எம்களின் பழைய வசதி லேசி லோடிங்: ஓர் ஆசிரியர் பொருளிடம் அவருடைய நூல்களைக் கேட்டால், அந்தக் கணத்தில் திரைக்குப் பின்னால் ஒரு வினவல் ஓடி நூல்கள் வந்துவிடும். நிரலில் அது வெறும் ஒரு புள்ளியும் ஒரு பெயரும். அங்கே அவெய்ட் எழுத இடமே இல்லை. முகப்பு போட்டுத் தந்த கிரீன்லெட்டுக்கு வெளியே அந்தப் புள்ளியை வைத்தால், கிரீன்லெட்டைக் காணோம் என்ற பிழை எழும். முதல்முறை அசிங்க்குக்கு மாறும் குழுக்கள் ஏறக்குறைய எல்லாம் இதில் மோதுகின்றன. பரிவர்த்தனை முடிந்ததும் பொருள்களின் மதிப்புகள் காலாவதியாகும் என்ற இயல்பு நடத்தையும் இதே பிழைக்கு இட்டுச்செல்லும். அதனால்தான் அசிங்க் அமர்வில் அதை அணைத்துவைக்கச் சொல்கிறது ஆவணம். 2023 ஜனவரியில் 2.0 வந்த பிறகு, அதே ஆண்டு 2.0.13 பதிப்பில் ஒரு பண்பை அவெய்ட் செய்து பெறும் வழியும் சேர்ந்தது.

பலர் இதை அசிங்க் முறையின் குறை என்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. நூறு ஆசிரியர்களைச் சுற்றிவரும் லூப்பில் அந்தப் புள்ளி நூறு வினவல்களை ஓட்டிக்கொண்டிருந்தது, சிங்க் நிரலில் அது கண்ணில் படவில்லை. இப்போது நூல்களையும் சேர்த்தே ஒரு வினவலிலோ இரண்டிலோ கொண்டுவா என்று முன்கூட்டியே எழுதவேண்டிய கட்டாயம் வந்திருக்கிறது. பிழை எழுந்த இடமெல்லாம் மறைந்திருந்த வினவல் ஓடிய இடம்.

டேனியல் வராசோ எழுதிய சைக்கோபிஜி 3 எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. 2021 அக்டோபரில் வெளியான இந்த டிரைவர் நடுமாடியைக் காப்பாற்ற முயலவில்லை; காத்திருப்பை நெறிமுறையிலிருந்து பிரித்து எடுத்தது. லிப்பிக்யூவோடு பேசும் தர்க்கம் முழுவதும் பைத்தான் ஜெனரேட்டர்களாக எழுதப்பட்டிருக்கிறது. 'சாக்கெட்டில் படிக்க ஏதாவது வரட்டும்' என்று மட்டும் சொல்லி ஜெனரேட்டர் நின்றுவிடும். எப்படிக் காத்திருப்பது என்பது அதன் கவலை இல்லை. வெளியே இரண்டு சிறு ஃபங்ஷன்கள் இருக்கின்றன. ஒன்று திரெட்டை முடக்கிக் காத்திருக்கும், மற்றது அசிங்க்ஐஓ லூப்பில் சாக்கெட்டைப் பதிவுசெய்துவிட்டு அவெய்ட் செய்யும். நெறிமுறையின் சிக்கலான பகுதி ஒரே பிரதியாக இருக்கிறது. மேலே பயனர் பார்க்கும் வகுப்புகள் இரண்டு நிறத்திலும் தேவை என்பதால், அசிங்க் வகுப்பைக் கையால் எழுதி, சிங்க் வகுப்பை அதிலிருந்து ஒரு கருவியால் உருவாக்கிக்கொள்கிறார்கள். இரண்டு பிரதிகளைக் கையால் பராமரித்தால் ஒன்றில் திருத்திய பிழை மற்றதில் எஞ்சிவிடும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

புதிதாக ஒரு டிரைவர் எழுதுபவர் சைக்கோபிஜியின் வழியைப் பின்பற்றட்டும். பழைய, பெரிய, பலர் நம்பியிருக்கும் ஓஆர்எம் கையில் உள்ளவர் எஸ்கியூஎல்ஆல்கெமியின் வழியை.

ஜாவாவின் சுற்றுவழி

ஆரக்கிள், ஜேடிபிசிக்கு இணையாக ஏடிபிஏ என்ற அசிங்க் இடைமுகத்தைச் சில ஆண்டுகள் வளர்த்தது, 2019இல் நிறுத்திவிட்டது. ஜாவாவின் லூம் திட்டத்தில் உருவாகிவந்த இலகு திரெட்டுகள் வந்தால் சாதாரண முடங்கும் நிரலே போதும் என்பது சொல்லப்பட்ட காரணம். ஸ்பிரிங் வட்டாரம் காத்திருக்கவில்லை. ரியாக்டிவ் பாணியில் ஆர்2டிபிசி என்ற இடைமுகம் 2018இல் அறிவிக்கப்பட்டு 2022இல் 1.0 ஆனது. 2023 செப்டம்பரில் ஜாவா 21 வர்ச்சுவல் திரெட்டுகளை நிலையான அம்சமாகக் கொண்டுவந்தது. ஜேடிபிசி அழைப்பு முடங்கும்போது வர்ச்சுவல் திரெட் மட்டும் ஒதுங்கும், அடியில் உள்ள உண்மைத் திரெட் வேறு வேலைக்குப் போகும். கோ மொழி தொடக்கத்திலிருந்தே கோரூட்டின்களால் இப்படித்தான் இயங்குகிறது. ஆனால் ஜாவாவில் ஒரு முள் இருந்தது. சிங்க்ரனைஸ்டு என்று குறித்த பகுதிக்குள் முடங்கினால் உண்மைத் திரெட்டும் கூடவே மாட்டிக்கொள்ளும். டிரைவர்களில் அத்தகைய பகுதிகள் நிறைய. போஸ்ட்கிரெஸின் ஜேடிபிசி டிரைவர் அவற்றை வேறு வகைப் பூட்டுகளாக மாற்றி எழுதியது. 2025 மார்ச்சில் வந்த ஜாவா 24 இயக்கச்சூழலின் மட்டத்திலேயே அந்த முள்ளை எடுத்தது. நீண்ட காத்திருப்புதான். ஆனால் பயன்பாடு எழுதியவர்கள் தங்கள் நிரலில் எதையும் மாற்றத் தேவை ஏற்படவில்லை.

இணைப்பு யாருடையது

மொழி எதுவானாலும், வழி எதுவானாலும், ஓர் உண்மை மாறுவதில்லை: ஓர் இணைப்பில் ஒரு நேரத்தில் ஓர் உரையாடல்தான் நடக்கும். திரெட் உலகில் இது தானாகவே காப்பாற்றப்பட்டது. திரெட் முடங்கியிருக்கும்போது அதே இணைப்பில் இன்னொரு வினவலை அதனால் அனுப்பவே முடியாது. அசிங்க் அந்த இயல்பான காவலை எடுத்துவிடுகிறது. ஒரே அமர்வை இரண்டு டாஸ்க்குகளுக்குக் கொடுத்துவிட்டால், என்டிட்டி ஃபிரேம்வொர்க் முதல் வேலை முடியுமுன் இரண்டாவது தொடங்கிவிட்டது என்று பிழை எறிகிறது. பைத்தானின் போஸ்ட்கிரெஸ் டிரைவர்களில் ஒன்றான அசிங்க்பிஜி, வேறொரு செயல் நடந்துகொண்டிருக்கிறது என்கிறது. இந்தச் சோதனையை டிரைவரில் வைக்காதவர்கள் பயனரின் தரவோடு விளையாடுகிறார்கள்.

ஆளுக்கொரு இணைப்பு கொடுத்துவிட்டால் தீர்ந்ததா? இல்லை. இரண்டு இணைப்புகளில் இணையாக ஓடும் இரண்டு வினவல்கள் தரவுத்தளத்தின் இரண்டு வெவ்வேறு கணங்களைப் பார்க்கின்றன. முதலாவது கணக்கின் இருப்பைப் படிக்கிறது, இரண்டாவது அதன் பரிமாற்றப் பட்டியலைப் படிக்கிறது, இடையில் ஒரு பணப் பரிமாற்றம் பதிவாகிவிட்டால் பக்கத்தில் கூட்டல் பொருந்தாது. போஸ்ட்கிரெஸ் 9.2இலிருந்து ஒரு பரிவர்த்தனையின் ஸ்னாப்ஷாட்டை இன்னொரு பரிவர்த்தனைக்குக் கடன் கொடுக்கும் வசதி உண்டு. இணையாக ஓடும் காப்புப்பிரதிக் கருவி அதையே பயன்படுத்துகிறது. வலைப் பயன்பாடுகளில் அதைப் பயன்படுத்துவோர் அரிது. ஒரே இணைப்பில் விடைக்குக் காத்திராமல் பல வினவல்களை வரிசையாக அனுப்பும் பைப்லைன் முறை 2021இல் போஸ்ட்கிரெஸ் 14இன் லிப்பிக்யூவில் சேர்ந்தது. சர்வர் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகவே ஓட்டும், ஆனால் போய்வரும் நேரம் மிச்சமாகும். போய்வர 1 மில்லிவிநாடி ஆகும் தொலைவில் நூறு சிறு பதிவுகளை எழுதுபவருக்கு, நூறு பயணங்களின் 100 மில்லிவிநாடியில் பெரும்பகுதி மிஞ்சும். பலருக்கு உண்மையில் வேண்டியது இதுதான், கேட்பதோ அசிங்க்கை.

பாதி அசிங்க் எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஓபன்ஸ்டாக் என்ற மேகக் கணினித் திட்டம் நல்ல சான்று. அதன் சேவைகள் ஈவென்ட்லெட் என்ற இலகு திரெட் நிரலகத்தின் மேல் ஓடின. மைஎஸ்கியூஎல் டிரைவரோ சி மொழியில் எழுதப்பட்டது, ஈவென்ட்லெட்டுக்குப் பிடிகொடுக்காதது. ஓர் இலகு திரெட் ஒரு வரிசையைப் பூட்டிவிட்டு வேறு காரணத்துக்காக வழிவிடும். அடுத்த இலகு திரெட் அதே வரிசையை மாற்றப் போய் சி நிரலுக்குள் முடங்கும். முடங்கியது பிராசஸ் முழுவதும் என்பதால், பூட்டை விடுவிக்க வேண்டிய முதல் இலகு திரெட் எழவே முடியாது. தரவுத்தளத்தின் காத்திருப்புக் கெடு முடிந்து பிழை வரும்வரை இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். தரவுத்தளத்துக்கு இதில் டெட்லாக் எதுவும் தெரியாது. ஒரு பக்கம் மட்டுமே அதன் பார்வையில் இருக்கிறது. 2015இல் அந்தத் திட்டம் முழுக்கப் பைத்தானில் எழுதப்பட்ட பைமைஎஸ்கியூஎல்லுக்கு மாறியது.

ரத்து என்ற இருட்டு மூலை

எல்லா வடிவமைப்புகளிலும் கடைசியில் யோசிக்கப்பட்டு, முதலில் உடைவது ரத்து. சிங்க் திரெட்டை நடுவழியில் யாரும் கொல்வதில்லை. அசிங்க் டாஸ்க்கை ரத்து செய்வது அன்றாடம்: பயனர் உலாவியை மூடுகிறார், காலக்கெடு முடிகிறது, கூட ஓடிய இன்னொரு டாஸ்க் தோற்கிறது. எந்த அவெய்ட்டிலும் ரத்து வந்து விழலாம். வினவல் போய்விட்டது, விடை இன்னும் வரவில்லை என்ற கணத்தில் விழுந்தால் இணைப்பின் நிலை என்ன?

2023 மார்ச் 20 அன்று இதற்கு உலகறிய ஒரு விடை கிடைத்தது. சாட்ஜிபிடியில் சிலருக்குப் பிறருடைய உரையாடல் தலைப்புகள் தெரிந்தன. ஓபன்ஏஐ சில நாட்களில் வெளியிட்ட விளக்கப்படி, காரணம் ரெடிஸ் தேக்ககத்தோடு பேசும் திறமூலப் பைத்தான் நிரலகத்தின் அசிங்க் பகுதியில் இருந்த பிழை. கோரிக்கை அனுப்பப்பட்டு, விடையை எடுக்குமுன் டாஸ்க் ரத்தானது. இணைப்பு அப்படியே பூலுக்குத் திரும்பியது. அதை அடுத்து எடுத்தவர் தன் கோரிக்கையை அனுப்பிவிட்டுப் படித்தது முந்தையவரின் விடையை. குறிப்பிட்ட ஒன்பது மணி நேரத்தில் பயன்படுத்திய கட்டணச் சந்தாதாரர்களில் 1.2 சதவீதத்தினரின் பணம் செலுத்தும் விவரங்களில் சில பிறருக்குத் தெரிந்திருக்கக்கூடும் என்றும் அந்த விளக்கம் சொன்னது.

ரெடிஸில் நடந்தது எந்தத் தரவுத்தளத்திலும் நடக்கும். விடைகள் வரிசை மாறாமல் வரும் என்பதை மட்டும் நம்பிக் கோரிக்கையோடு பொருத்தும் எந்த நெறிமுறையும் இதற்கு ஆட்பட்டதே. போஸ்ட்கிரெஸ் நெறிமுறையும் அப்படிப்பட்டதுதான். நிரலகத்துக்கு இரண்டே நல்ல வழிகள். நடுவழியில் ரத்தான இணைப்பை உடைத்து எறிந்துவிடலாம். அல்லது எஞ்சிய விடை முழுவதையும் படித்துக் கொட்டிவிட்டுத்தான் பூலுக்கு அனுப்பலாம். இரண்டாவது வழியில் சர்வரிடம் வினவலை நிறுத்தவும் சொல்ல வேண்டும். போஸ்ட்கிரெஸில் அதற்குப் புதிதாக இன்னோர் இணைப்பைத் திறந்து, முதல் இணைப்பின் பிராசஸ் எண்ணையும் அதற்கென்று தரப்பட்ட ரகசிய எண்ணையும் அனுப்ப வேண்டும். நிறுத்தச் சொன்ன செய்தி போய்ச்சேருமுன் வினவல் முடிந்தே போயிருக்கலாம். அடுத்த வினவல் தொடங்கியிருந்தால் அதுவே அடிபடும். எனவே எறிந்துவிடுவதே என் தேர்வு. புதிய இணைப்புக்குச் சில மில்லிவிநாடிகள் கூடுதலாகும், போகட்டும். நிரலகத்தின் சோதனைத் தொகுப்பில் ஒவ்வோர் அவெய்ட்டிலும் ரத்தைச் செலுத்திப் பார்த்து, அடுத்த வினவலுக்குத் தன் விடைதான் கிடைக்கிறதா என்று சரிபார்க்கும் சோதனை இல்லையென்றால், அந்த அசிங்க் ஆதரவை உற்பத்திச் சூழலுக்குக் கொண்டுபோகக் கூடாது.

பூலின் வாசல்

காத்திருப்பை மலிவாக்கினால் காத்திருப்போர் பெருகுவார்கள். 200 திரெட் கொண்ட பழைய சர்வரில் 201ஆவது கோரிக்கை வெளியே நின்றது; திரெட் எண்ணிக்கையே ஒரு மதகாக இருந்தது. அசிங்க் அல்லது வர்ச்சுவல் திரெட் சர்வர் பல்லாயிரம் கோரிக்கைகளை உள்ளே விட்டுவிடும். எல்லாம் பூலின் வாசலில் வந்து குவியும். ஹிக்காரியின் இயல்பான பூல் அளவு 10, எஸ்கியூஎல்ஆல்கெமியில் 5 இணைப்பும் நெருக்கடிக்கு மேலும் 10உம். இரண்டிலும் வாசலில் காத்திருக்கும் கெடு இயல்பாக 30 விநாடி. நெரிசல் நேரத்தில் பயனர் 30 விநாடி வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டுப் பிழைச்செய்தி பெறுவார். தரவுத்தளத்தின் அளவீடுகளிலோ எல்லா வினவலும் 20 மில்லிவிநாடியில் முடிந்ததாகவே இருக்கும்.

இணைப்பைக் கையில் வைத்துக்கொண்டு வேறெதற்காவது காத்திருப்பது இன்னும் மோசம். பரிவர்த்தனையைத் திறந்து, இடையில் ஒரு கட்டணச் சேவையின் பதிலுக்கு அவெய்ட் செய்வது எழுத மிக எளிது, படிக்கும்போது அழகாகவும் இருக்கும். அந்த நேரம் முழுவதும் இணைப்பும் அது பிடித்த பூட்டுகளும் சிறைப்பட்டிருக்கின்றன. ஈவென்ட் லூப்பில் வேறொரு டாஸ்க் கனமான கணக்கில் ஈடுபட்டாலும் இதே நிலைதான். விடை வந்து சாக்கெட்டில் கிடக்கும், அதை எடுத்துப் பரிவர்த்தனையை முடிக்க வேண்டிய டாஸ்க்குக்கு முறை வராது. இப்படிச் சும்மா திறந்து கிடக்கும் பரிவர்த்தனைகளைத் தானே வெட்டிவிடும் கெடு ஒன்று போஸ்ட்கிரெஸ் 9.6இலிருந்து உண்டு. இயல்பில் அது அணைந்தே இருக்கும். அசிங்க் பயன்பாட்டை இயக்குவோர் முதல் நாளே அதை இயக்கிவைக்க வேண்டும்.

நிரலகம் எழுதுவோரிடம் கேட்க வேண்டியது இந்த மூன்று எண்களை: பூலின் வாசலில் கழிந்த நேரம், இணைப்பு கையிலிருந்த நேரம், அதில் வினவல் உண்மையில் ஓடிய நேரம். பல நிரலகங்கள் கடைசி எண்ணை மட்டும் பதிவில் எழுதுகின்றன. முதல் இரண்டையும் டிரைவரோ பூலோதான் அளந்து சொல்ல முடியும், ஏனென்றால் இணைப்பு எப்போது யாரிடம் போனது என்பது அவற்றுக்கு மட்டுமே தெரியும்.